ஆன்சாக்: ஒரு சொல்லும் ஒரு கல்வெட்டும்

போர்களை நினைவுகூரும் அரசு விடுமுறை நாள்களின் பெயர்களை ஒருசேர வைத்து நோக்கினால், அவற்றுள் பல போரின் முடிவையே பெயராகக் கொண்டிருப்பது புலனாகும். உருசியாவில் மே 9 'வெற்றி நாள்' எனப்படுகிறது. வங்காளதேசத்தில் டிசம்பர் 16க்கு வழங்கும் 'பிஜய் திபஷ்' என்னும் பெயரும் அப்பொருளதே. பிரான்சில் நவம்பர் 11 போர்நிறுத்த நாளாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதே நவம்பர் 11 போர்நிறுத்த நாள் என்று வழங்கி, 1954இல் முன்னாள் படைவீரர் நாள் எனப் பெயர் மாறியது. முடிவைச் சுட்டிய பெயர் ஆளைச் சுட்டும் பெயராயிற்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏப்ரல் 25ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் 'ஆன்சாக் நாள்' இவ்வகைப்பாட்டில் எங்கும் பொருந்துவதில்லை. இப்பெயரில் வெற்றி என்றும் இல்லை, தோல்வி என்றும் இல்லை. போரைக் குறிக்கும் சொல்லும் இல்லை. உள்ளது ஒரேயொரு சொல். முதல் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலத்தில் அச்சொல்லும் இருந்ததில்லை.

1915 ஏப்ரல் 25ஆம் நாள் வைகறையில் ஆஸ்திரேலிய-நியூசிலாந்துப் படையணி துருக்கியின் கலிப்போலித் தீபகற்பத்தில் கரையிறங்கியது. தார்தனெல்ஸ் நீரிணையைத் திறந்து கான்ஸ்டாண்டிநோபிளை அடைவதே படையெடுப்பின் நோக்கம். எட்டுத் திங்கள் நீடித்த பதுங்குகுழிப் போருக்குப் பின் அவ்வாண்டு டிசம்பரில் அப்படையணி இரவோடிரவாக மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆஸ்திரேலியர் 8,000க்கும் மேற்பட்டோரும், நியூசிலாந்தினர் 2,700க்கும் மேற்பட்டோரும் அங்கு மாண்டனர். துருக்கியர் தரப்பில் மாண்டோர் 80,000க்கும் மேற்பட்டோர். நோக்கம் நிறைவேறவில்லை. எனினும் 1916 ஏப்ரல் 25இலேயே இரு நாடுகளிலும் நினைவு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. 1920இல் நியூசிலாந்து இந்நாளைச் சட்டத்தின்வழி விடுமுறையாக்கியது. 1927க்குள் ஆஸ்திரேலிய மாநிலங்கள் அனைத்தும் விடுமுறை அறிவித்துவிட்டன. தோல்வியில் முடிந்த படையெடுப்பொன்றின் முதல் நாளை நாட்டு விடுமுறையாகக் கொள்வதற்கு, முடிவைச் சுட்டாத பெயர் ஒன்று தேவைப்பட்டது. ஆன்சாக் என்னும் சொல் அத்தேவையை நிறைவுசெய்தது எனலாம். துருக்கியர் இதே போரை நினைவுகூர்வது மார்ச்சு 18இல். நேச நாடுகளின் கப்பற்படை நீரிணையில் முறியடிக்கப்பட்ட நாள் அது. அதன் பெயரில் வெற்றியும் உண்டு, வீரமரணம் எய்தியோரும் உண்டு.

இந்நாளைப் பற்றிய வரலாற்று நூல்கள் மிகப் பல. அதன் மொழியைப் பற்றிய ஆய்வு அந்த அளவுக்கு வளரவில்லை. இந்நாளின் மொழியில் இரண்டு கூறுகள் தனித்து ஆராயத்தக்கன. ஒன்று, சட்டத்தால் காக்கப்படும் 'ஆன்சாக்' என்னும் சொல். மற்றொன்று, நினைவு நிகழ்ச்சிகளில் பெரிதும் எடுத்தாளப்படுவதும், முஸ்தபா கமால் அத்தாத்துர்க் பெயரால் கற்களில் பொறிக்கப்பட்டிருப்பதுமான ஒரு வாசகம். முன்னதற்குக் கிடைத்த காவலில் சிறு பகுதிகூடப் பின்னதன் மூலபாடத்திற்குக் கிடைக்கவில்லை.

சொல்லின் பெயர்ச்சி

ஆன்சாக் என்பது ஆஸ்திரேலிய-நியூசிலாந்துப் படையணி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரிலுள்ள சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. கெய்ரோவில் படையணித் தலைமையகத்தின் எழுத்தர்கள் மடல்களைப் பதிவுசெய்யப் பயன்படுத்திய ரப்பர் முத்திரையில் அவ்வெழுத்துகள் இருந்தன. தந்திகளுக்கு ஒரு சுருக்கப் பெயர் வேண்டியிருந்தபோது அவற்றையே ஒரு சொல்லாகச் சேர்த்து ஒலித்தனர். அலுவலக மேசையில் பிறந்த சொல் என்பதை மறந்துவிடலாகாது. போர்க்களத்தில் எவரும் முழங்கிய சொல்லன்று அது. படைத்தலைவர் வில்லியம் பேர்ட்வுட் அதனை ஏற்றதோடு, கரையிறங்கிய சிறுகுடாவுக்கும் அப்பெயரையே வழங்கச் செய்தார். பேர்ட்வுட் 1865இல் புணே அருகிலுள்ள கிர்கியில் பிறந்தவர். இந்தியப் படையில் வளர்ந்தவர். 1925 முதல் 1930 வரை இந்தியாவின் தலைமைப் படைத்தலைவராக இருந்தவர்.

இனி இச்சொல்லின் பொருண்மை வளர்ச்சியைக் காணலாம். முதலில் அது ஓர் அமைப்பின் பெயர். சில கிழமைகளுக்குள் அவ்வமைப்பு இருந்த இடத்தின் பெயராயிற்று. வீரர்கள் தம் மடல்களில் 'ஆன்சாக்கில் இருக்கிறோம்' என்னும் பொருளில் எழுதலாயினர். அடுத்து அங்குப் போரிட்ட ஆளைக் குறித்தது. பின்னர் நாளைக் குறித்தது. இறுதியில், துணிவும் தோழமையும் சேர்ந்த ஒரு பண்பைக் குறிக்கும் அடைமொழியாயிற்று. தமிழிலக்கண மரபில் சொன்னால், ஓர் ஆகுபெயர் மற்றோர் ஆகுபெயரைப் பெற்றுக்கொண்டே சென்றிருக்கிறது. ஆகுபெயர் அடுக்கு எந்த மொழிக்கும் புதிதன்று. இங்கு நோக்கத்தக்கது, இந்த அடுக்கின் இடையில் சொல்லின் தலைமைக்கூறு தேய்ந்துபோனமை. மூலத்தொடரில் தலைமைப் பெயர் 'படையணி'. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியன அதற்கு வந்த அடைகள். ஆளைக் குறிக்கும் சொல்லானபோது படையணி என்பது எவர் நினைவிலும் இல்லை. அடைகள் மட்டும் நினைவில் நின்றன. ஒரு படையணியைச் சேர்ந்தவன் என்ற பொருள் மறைந்து, இவ்விரு நாட்டவருள் ஒருவன் என்ற பொருள் நிலைபெற்றது.

இதனால் விளைந்ததை இந்தியரைக் கொண்டு காண்பது எளிது. 1915 ஏப்ரல் 25 முற்பகலிலேயே ஆன்சாக் கரையில் பீரங்கிகளோடு இறங்கியது 26ஆம் ஜேக்கப் மலைப் பீரங்கிப் படை. அன்றே 21ஆம் கோகாட் மலைப் பீரங்கிப் படையும் வந்து சேர்ந்தது. பஞ்சாபி முஸ்லிம்களும் சீக்கியரும் இவற்றில் பணியாற்றினர். கரையிலிருந்து மலைமுகட்டுக்குத் தண்ணீரும் உணவும் வெடிமருந்தும் ஏற்றிச் சென்றவை இந்தியக் கோவேறுகழுதைப் படையின் அணிகள். 14ஆம் சீக்கியர் படையும் கூர்க்காப் படைகளும் அடங்கிய 29ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு தீபகற்பத்தின் தென்முனையிலும், பின்னர் ஆகஸ்டில் சாரி பாயிர் மலைத்தொடரிலும் போரிட்டது. கலிப்போலியில் பணியாற்றிய இந்தியர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுள் மலைப் பீரங்கிப் படையினர் முதல் நாள் தொட்டே அப்படையணியோடு இணைக்கப்பட்டிருந்தனர். சொல்லின் மூலப்பொருளின்படி அவர்கள் ஆன்சாக்கின் உறுப்பினர். வழக்குப் பொருளின்படி அல்லர். அவர்களை எவரும் தீர்மானம் போட்டு விலக்கவில்லை. சொல் அமைப்பிலிருந்து ஆளுக்குப் பெயர்ந்தபோது அவர்கள் தாமாகவே வெளியில் நின்றனர். அச்சொல்லில் அவர்களுக்குரிய எழுத்து ஒன்றும் இல்லை.

காயமுற்றோரைக் கழுதைமேல் ஏற்றிச் சென்ற சிம்சன் என்னும் தூக்குப்படுக்கை வீரர், ஆன்சாக் நாள் கதைகளுள் மிகப் புகழ்பெற்றவர். ஆஸ்திரேலியப் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் அறிந்தவர். அவர் தம் பிரிவினரோடு தங்காமல், கோகாட் பீரங்கிப் படையின் இந்தியரோடு தங்கி அவர்தம் உணவையே உண்டார். படங்களிலும் சிலைகளிலும் கழுதைக்கு இடம் கிடைத்தது. அவருக்கு உணவளித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அண்மைக் காலத்தில் சிட்னி முதலிய நகரங்களின் அணிவகுப்புகளில் சீக்கிய முன்னாள் படைவீரர் இடம்பெறுவதையும், பீட்டர் ஸ்டான்லி 2015இல் கலிப்போலியில் இந்தியர் பற்றித் தனிநூல் வெளியிட்டதையும் இங்குக் குறிப்பிடுவது முறையாகும்.

சொல்லைச் சட்டம் காத்த வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. 1916இலேயே இச்சொல்லை வணிகத்திற்குப் பயன்படுத்துவது ஆஸ்திரேலியாவில் தடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் அவ்வாண்டே இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியாவில் 1921ஆம் ஆண்டு விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. நியூசிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குத் தனிப்பிரிவு உண்டு. ஆஸ்திரேலியாவில் முன்னாள் படைவீரர் நலத்துறை அமைச்சரின் இசைவின்றி எந்தத் தொழிலிலும் இச்சொல்லையோ இதனையொத்த சொல்லையோ ஆளலாகாது. ஓட்சும் தேங்காய்த் துருவலும் சேர்த்துச் செய்யப்படும் ஆன்சாக் பிஸ்கட்டை விற்பதானால் அது மரபான செய்முறையிலிருந்து பெரிதும் மாறக்கூடாது. அதனைப் 'பிஸ்கட்' என்றே அழைக்க வேண்டும், 'குக்கி' என்னும் அமெரிக்க வழக்கு கூடாது என்பது துறையின் நெறிமுறை. 2015இல், கரையிறக்கத்தின் நூற்றாண்டின்போது, பேரங்காடி நிறுவனம் ஒன்று இந்நினைவைத் தன் விளம்பரத்தோடு இணைத்தது. அமைச்சர் தலையிட்டதும் அவ்விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது.

பிஸ்கட்டைப் பற்றிய விதியைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் 1916இல் மகனை இழந்த ஒரு குடும்பம், அவன் மாண்ட இடத்தின் பெயரைச் சவர்க்காரப் பெட்டியிலோ தேநீர்க் கடைப் பலகையிலோ காண நேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணினால் அச்சட்டத்தின் தேவை விளங்கும். குறை வேறிடத்தில் உள்ளது. சட்டம் காப்பது சொல்லின் வடிவத்தை. அவ்வடிவம் நூறாண்டுகளாக எழுத்து மாறாமல் இருக்க, அதன் பொருள் படையணியிலிருந்து பண்புவரை நகர்ந்துவிட்டது. பொருள் நகர்வை எந்தச் சட்டமும் தடுக்கவியலாது. அதனைக் கணக்கெடுப்பதாவது மொழியறிஞர் கடமை.

இந்நாளில் இறுதியாகச் சொல்லப்படும் 'மறவாதிருப்போம்' என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரும் இவ்வாறு நகர்ந்ததே. ரட்யார்ட் கிப்ளிங் 1897இல், விக்டோரியா பேரரசியின் ஆட்சி மணிவிழாவையொட்டி எழுதிய பாடலின் பல்லவியில் உள்ள தொடர் அது. அங்கு மறவாதிருக்க வேண்டியது இறைவனை; எச்சரிக்கப்படுவது பேரரசின் செருக்கு. வினைக்குச் செயப்படுபொருள் வெளிப்படையாக இல்லாமையால், போருக்குப் பின் அவ்விடத்தில் மாண்ட வீரரை வைப்பது எளிதாயிற்று. ஆலன் சீமர் எழுதி 1960இல் அடிலெய்டில் அரங்கேறிய நாடகம் ஒன்று ஆன்சாக் நாளைப் பற்றித் தந்தைக்கும் மகனுக்கும் நிகழும் பூசலைக் காட்டுகிறது. 'ஆண்டின் அந்த ஒரு நாள்' என்னும் பொருளுடைய அதன் தலைப்பில் ஆன்சாக் என்னும் சொல் இல்லை. எனினும் எந்த நாள் என்று கேட்க வேண்டிய நிலையில் ஆஸ்திரேலியர் எவரும் இருந்திருக்கமாட்டார்.

கல்லில் உள்ள வாசகம்

1985இல் துருக்கி அரசு, கரையிறக்கம் நிகழ்ந்த சிறுகுடாவுக்கு 'ஆன்சாக் கோயு' என்று முறைப்படி பெயரிட்டது. அதற்கு ஈடாக ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவில், போர் நினைவகத்திற்கு எதிரே, அத்தாத்துர்க்கின் நினைவுச்சின்னம் எழுந்தது. அவ்வாண்டு அரிபுருனுக் கடற்கரையிலும், பின்னர் 1990இல் நியூசிலாந்தின் வெலிங்டனிலும் நினைவுச்சின்னங்கள் அமைந்தன. இவை யாவற்றிலும் ஒரே ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டது. இம்மண்ணில் குருதி சிந்திய வீரர்களை விளித்து, நட்புநாட்டின் மண்ணில் அமைதியாக உறங்குமாறு அது கூறுகிறது. ஜானிகளுக்கும் மெஹ்மத்துகளுக்கும் வேற்றுமை இல்லை என்கிறது. தொலைவிலிருந்து மக்களை அனுப்பிய அன்னையரை நோக்கிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, அவர்கள் எங்களுக்கும் மக்களாயினர் என்று முடிகிறது. அடியில் அத்தாத்துர்க்கின் பெயரும் 1934 என்னும் ஆண்டும் உள்ளன.

கல்வெட்டைப் படிப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு காலங்கள்: கல் குறிப்பிடும் காலம், கல் பொறிக்கப்பட்ட காலம். இங்கு அவற்றினிடையே 51 ஆண்டுகள் உள்ளன. இவ்வாசகம் 1934இல் பேசப்பட்டதற்கோ அச்சேறியதற்கோ அக்காலத்துச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. அறியவரும் பழைய வடிவம், அத்தாத்துர்க்கின் உள்துறை அமைச்சராக இருந்த ஷுக்ரூ காயா 1953 நவம்பரில் 'துன்யா' என்னும் துருக்கிய நாளிதழுக்கு அளித்த பேட்டியில் உள்ளது. அத்தாத்துர்க் மறைந்து அப்போது 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. தாம் கலிப்போலியில் ஆற்றிய உரைக்கு இச்சொற்களைத் தந்தவர் அத்தாத்துர்க்கே என்பது காயாவின் கூற்று. 1970களின் இறுதியில் துருக்கிய வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த உலுக் இக்தெமிர், பிரிஸ்பேன் நகரில் வாழ்ந்த ஆஸ்திரேலிய முன்னாள் வீரர் ஒருவரோடு நடத்திய மடல் தொடர்பின் வழியாக அது ஆங்கிலத்திற்கு வந்தது. துருக்கிய ஆய்வாளர் செங்கிஸ் ஓசாகின்ஜியும் ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் சிலரும் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வழியை வெளிக்கொணர்ந்தனர். கூற்று, பேட்டி, மடல், மொழிபெயர்ப்பு, கல் என்னும் இவ்வரிசையில் கல்லைக் கண்டவர் பலர். ஏனையவற்றைத் தேடியவர் சிலரே.

வரலாற்றாசிரியர் சான்றில்லை என்று கூறி நிறுத்திய இடத்தில் மொழியியல் ஆய்வு தொடங்கலாம். 1953ஆம் ஆண்டுப் பேட்டி வழி வந்த துருக்கிய வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் ஒப்பிட்டால் மூன்று பாடவேறுபாடுகள் தெரியவருகின்றன.

முதலாவது 'ஜானி'. துருக்கிய வடிவத்தில் இச்சொல் இல்லை. வேற்றுமை இல்லை என்னும் வாக்கியமும் இல்லை. விளிக்கப்படும் வீரர்கள் 'மெஹ்மத்சிக்'குகளோடு அருகருகே, மார்போடு மார்பாகக் கிடக்கின்றனர் என்ற அளவில் அது நிற்கிறது. மெஹ்மத்சிக் என்பது துருக்கியப் படைவீரனைக் குறிக்கும் செல்லப்பெயர். 'சிக்' சிறுமையும் அன்பும் உணர்த்தும் விகுதி. ஆங்கிலத்தில் விகுதி போயிற்று. அது உணர்த்திய பரிவை ஈடுசெய்வது போல எதிர்த்தரப்புக்கும் ஒரு செல்லப்பெயர் தேடப்பட்டது எனக் கருதலாம். ஆனால் தேர்ந்த பெயர் பொருத்தமானதன்று. 1915இல் கலிப்போலிப் பதுங்குகுழிகளில் ஆங்கிலம் பேசிய வீரர்கள் 'ஜானி' என்றது பெரும்பாலும் துருக்கியரை. 'ஜானி டர்க்' என்பது அன்றைய பரவலான வழக்கு. கூர்க்காக்களும் 'ஜானி' எனப்பட்டனர். ஆஸ்திரேலியர் தம்மை அப்பெயரால் வழங்கவில்லை. போரின் பிற்பகுதியில் அவர்களுக்கு நிலைத்த பெயர் 'டிக்கர்', அதாவது குழி தோண்டுபவன். அவ்வழக்கின்படி பார்த்தால், ஜானிக்கும் மெஹ்மத்துக்கும் வேற்றுமை இல்லை என்பது துருக்கியனுக்கும் துருக்கியனுக்கும் வேற்றுமை இல்லை என்பதாகவே முடியும். போர் முடிந்து நெடுங்காலத்திற்குப் பின், அவ்வழக்கு மங்கிய தலைமுறைக்காக எழுதப்பட்ட வாக்கியம் இது என்பதற்கு இது அகச்சான்று. இது ஒன்றே போதுமானதன்று. புறச்சான்றோடு சேரும்போது வலுப்பெறுகிறது.

இரண்டாவது வேறுபாடு, துருக்கியத்தில் 'எவ்லாத்' என்றிருப்பது ஆங்கிலத்தில் ஆண்பால் மக்களைக் குறிக்கும் சொல்லாகியிருப்பது. எவ்லாத் இருபாற்கும் பொது. வீரர் ஆடவராகையால் இதனைப் பிழை என்று கூறுவதற்கில்லை.

மூன்றாவது நுண்ணியது, ஆனால் இதுவே இன்றியமையாதது. ஆங்கில வடிவம் 'எங்களுக்கும்' என்னும் உம்மையோடு முடிகிறது. தமிழிலக்கணத்தார் இதனை எச்சவும்மை என்பர்: அவர்கள் உங்கள் மக்கள் என்பது மாறவில்லை, அதனோடு எங்கள் மக்களும் ஆயினர். துருக்கிய வடிவத்தில் இவ்வும்மைக்கு நேரான உருபு இல்லை. அங்கு உள்ளது 'ஆர்த்திக்' என்னும் இடைச்சொல். 'இனி', 'இதற்குமேல்' என்று பொருள்படுவது. இம்மண்ணில் உயிர்நீத்த பின் அவர்கள் இனி எங்கள் மக்கள் என்பதே அங்குள்ள கூற்று. ஒன்று பகிர்ந்துகொள்கிறது, மற்றொன்று தத்தெடுக்கிறது. இறந்தவன் யாருக்கு உரியவன் என்னும் வினாவுக்கு இரு மொழிகளும் இரு விடைகளைத் தந்திருக்கின்றன. கான்பெராவில் கல்லின் முன் நிற்பவர்க்கு, எதிரியாக இருந்த ஒருவர் தம் உரிமையைக் குறைக்காமல் தமக்கு ஆறுதல் கூறியதாகத் தோன்றுவது ஓர் உம்மையினால்தான்.

இவ்வாசகம் அத்தாத்துர்க்குடையதன்று எனின் அது தரும் ஆறுதலும் பொய்யாகும் என்ற அச்சம், இவ்வாய்வுகளுக்கு எழுந்த எதிர்ப்புகளில் காணப்படுகிறது. மறுபுறம், அதனை வெறும் புனைவென்று தள்ளிவிடும் எழுத்துகளும் உள்ளன. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டுமே வாசகத்தின் மதிப்பை அதன் ஆசிரியர் பெயரோடு கட்டிவைக்கின்றன. ஆசிரியர் பெயரை அகற்றிப் படித்தால், துருக்கியர் ஒருவரும் ஆஸ்திரேலியர் ஒருவரும் 1970களில், போர் முடிந்து அறுபதாண்டுகள் கழிந்த நிலையில், மடல் வழியே ஒரு நல்லுறவு வாசகத்தை உருவாக்கினர் என்பது கிடைக்கிறது. அதுவும் அரிய செய்தியே. கல்லில் 1934 என்றிருப்பது அச்செய்தியை மறைக்கிறது. பிஸ்கட்டின் பெயரைக் கண்காணிக்கும் அரசு, தன் தலைநகரில் நிற்கும் கல்லின் ஆண்டைச் சரிபார்த்திருக்கலாம்.

இவ்வாசகத்தின் விளிகளைப் பற்றிய ஒரு கூறு எஞ்சியுள்ளது. விளிக்கப்படுவோர் இரு சாரார்: மாண்ட வீரர், அவர்தம் அன்னையர். 1934இல் இச்சொற்கள் கூறப்பட்டிருந்தால் அவ்வன்னையருள் பலர் உயிரோடிருந்திருப்பர். கலிப்போலிக் கல்லறைகளைக் காணக் கப்பலேறி வந்தோரும் அவர்களுள் உண்டு. 1985இல் கற்கள் நடப்பட்டபோது, கரையிறங்கியவருள் இளையவருக்கே அகவை தொண்ணூறை நெருங்கியிருந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுமாறு கேட்கப்பட்ட அன்னையருள் ஒருவரும் இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 வைகறையில் கலிப்போலியில் கூடுவோருள் பெரும்பாலோர் முதுகில் பையைச் சுமந்து இளவேனிற் குளிரில் இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞர். முன்னிலையில் வைத்துப் பேசும் அவ்வாசகத்தை அவர்கள் படர்க்கையில் நின்று படிக்கின்றனர்.